சிட்டையில் கல்மண்டபம்

அன்புள்ள நண்பா,

நலம். முட்டிவலிக்கு வைத்தியம் பார்ப்பதாகப் போனில் சொன்னாயே, இப்போது எப்படி இருக்கிறது? பெங்களூர் குளிர் அதற்கு ஆகாது, பார்த்துக்கொள்.

பெரியவளுக்குத் தை மாதம் கல்யாணம். ஜவுளி எடுக்கப் போன வாரம் கோடவுன் தெருவுக்குப் போயிருந்தோம். வீட்டிலும் மகளும் புடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கியவன், நம் பழைய காய்கறி மார்க்கெட் இருந்த கொத்தவால் சாவடிப் பக்கம் நடந்துவிட்டேன். அங்கே பார்த்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல எனக்கு வராது.

உங்கள் மண்டி இருந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் டப்பாவும் பார்சல் கவரும் விற்கிறார்கள். சுவரெல்லாம் டைல்ஸ். இது அந்தக் கடைதானா என்று ஒரு நிமிஷம் திகைத்து நின்றேன். அப்புறம் மேலே பார்த்தேன். பெரிய தராசு தொங்குமே, அந்த இரும்புக் கொக்கி உத்தரத்தில் அப்படியே இருக்கிறது. கடைப் பையன் அதில் சாப்பாட்டுப் பையை மாட்டி வைத்திருந்தான். "என்ன சார் வேணும்?" என்று கேட்டான். ஒன்றும் வேண்டாம் தம்பி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உனக்கு அது உங்கள் கடை. தாத்தா ஆரம்பித்தது, நைனா நடத்தியது, நீ உட்கார வேண்டியது. எனக்கு அது வேறு. விடியற்காலை நாலு மணிக்கு அம்மா என்னை எழுப்பி, எங்கள் பேட்டை கல்மண்டபத்திலிருந்து நடத்தியே கூட்டிக்கொண்டு வருவாள். காலுக்கடியில் வெங்காயத் தோலும் முட்டைக்கோஸ் இலையும் மழைத் தண்ணீரும் சேர்ந்து சொதசொதவென்று கிடக்கும். லாரி, கை வண்டி, மாடு, எல்லாவற்றுக்கும் நடுவில் "வழி, வழி" என்று கத்திக்கொண்டு மூட்டைக்காரர்கள் ஓடி வருவார்கள். இரண்டு கையாலும் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொள்வேன். உங்கள் மண்டிப் படி ஏறிய பிறகுதான் கையை விடுவேன்.

நைனாவின் காப்பிங் பென்சில் உனக்கு நினைவிருக்கிறதா? நாக்கில் தொட்டுத் தொட்டுச் சிட்டையில் கணக்கு எழுதி, எட்டு மணிக்கெல்லாம் அவர் உதடே ஊதாவாகிவிடும். கடனுக்குக் காய் எடுக்கிற கூடைக்காரம்மாக்கள் எத்தனை பேர்! யார் பேரையும் அவர் எழுத மாட்டார், ஊரைத்தான் எழுதுவார். தண்டையார்பேட்டை, மூலக்கொத்தளம், கல்மண்டபம். கல்மண்டபம் என்றால் என் அம்மா. எழுதப் படிக்கத் தெரியாதவள், அந்த ஒரு வார்த்தையை மட்டும் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுபிடிப்பாள். பஸ் போர்டில் பார்த்துவிட்டு, "இது என் பேரு" என்று எனக்குக் காட்டியிருக்கிறாள்.

காலையில் காசில்லாமல் கூடை போகும். விற்றுவிட்டு மத்தியானம் வந்து கட்ட வேண்டும். வட்டி கிடையாது, கையெழுத்து கிடையாது.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். 1983இல் அம்மாவுக்கு டைஃபாய்டு வந்து ஒன்றரை மாதம் படுத்துவிட்டாள். அதற்கு முன்னால் எடுத்த காய்க்கு 112 ரூபாய் பாக்கி. எழுந்து நடமாட ஆரம்பித்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு மண்டிக்கு வந்தாள். படி ஏறாமல் கீழேயே நின்றாள். நைனா தலை நிமிர்ந்து பார்த்தார். "கணக்கு நிக்கட்டும். நீ கூடையத் தூக்கு" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து தினம் ஒரு ரூபாய், சில நாள் இரண்டு ரூபாய் பழைய பாக்கியில் கழித்தாள். முடிந்த அன்று அந்த வரியை நைனா குறுக்கே அடித்து, சிட்டையைத் திருப்பி அவளுக்குக் காட்டினார்.

பின்னாளில் ஒரு தடவை, "பெரிய முதலாளிதானே, அந்தப் பாக்கியை விட்டுத்தான் கொடுத்திருக்கலாமே" என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு வந்ததே கோபம்! "விட்டுக் குடுத்திருந்தா அது பிச்சைடா. நான் கட்டுவேன்னு அவருக்குத் தெரியும்" என்றாள்.

1996இல் எல்லாம் கோயம்பேட்டுக்குப் போயிற்று. மாற்றியது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சந்துகளில் அத்தனை லாரி நுழைய முடியாது, அழுகல் நாற்றத்தில் தெருக்காரர்கள் பட்ட பாட்டையும் நான் பார்த்திருக்கிறேன். கோயம்பேட்டில் 295 ஏக்கர், மூவாயிரத்துக்கும் மேலே கடைகள். ஆனால் கல்மண்டபத்திலிருந்து கூடையோடு நடந்து போகிற தூரமா அது? பஸ்ஸில் கூடையை ஏற்ற விடவில்லை. நாலைந்து பேர் சேர்ந்து வண்டி பிடித்தால் லாபம் வாடகைக்கே போயிற்று. காலையில் 900 கொடுத்து சாயங்காலம் 1000 வாங்குகிற வட்டிக்காரர்கள் அங்கே கூடைக்காரர்களைச் சுற்றி நின்றார்கள். இரண்டு வருஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு அம்மா கூடையை இறக்கிவிட்டாள். நைனாவும் அங்கே போய்க் கடை எடுக்க மனசில்லாமல் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். உன் வீட்டில் அந்த நாட்கள் எப்படிப் போயின என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அது எனக்குக் குறைதான்.

2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேட்டை மூடித் திருமழிசைக்கு மாற்றினார்களே, அப்போது அம்மா இருந்தாள். டிவியில் பார்த்துவிட்டு, "இன்னும் தூரமா? கூடக்காரிங்க எப்படிடா போவாங்க?" என்று கேட்டாள். வீட்டுக்கு வீடு வண்டியில் காய் வருகிற காலத்தில் அவளுக்கு அந்தக் கவலை. அடுத்த வருஷம் போய்விட்டாள்.

நைனாவின் பழைய சிட்டைகள் ஏதாவது உன் பரணில் இருக்கிறதா? இருந்தால் 1983ஆம் வருஷத்தைக் கொஞ்சம் தேடிப் பார். கல்மண்டபம் என்று எழுதி, குறுக்கே அடித்த வரி ஒன்று இருக்கும். கிடைத்தால் படம் எடுத்து அனுப்பு. கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

பத்திரிகை அச்சானதும் தனியாக அனுப்புகிறேன். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. சமையல்காரர் எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு நாற்பது கிலோ எழுதிக் கொடுத்திருக்கிறார். காம்பில் முள் குத்த வேண்டும், தோலைத் தடவினால் கீச்சென்று சத்தம் வர வேண்டும் என்று நைனா நம் இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தார், உனக்குத்தான் அது கையில் வந்தது. விடியற்காலை நாலு மணிக்கு ஆட்டோ சொல்லி வைக்கிறேன். கோயம்பேட்டில் நீ பார்த்து எடு, கூடையை நான் தூக்குகிறேன்.

அன்புடன்,
உன் கல்மண்டபத்தான்