கேட்டிலேயே ஒரு காகிதம் கொடுங்கள்

மேஜர் லீக் பேஸ்பாலின் 30 அணிகளிலும் டிக்கெட் பிரிவைக் கவனிக்கும் உங்களுக்கு,

வணக்கம். நான் பழைய பேஸ்பால் டிக்கெட் சேர்ப்பவன். பெரிய கை இல்லை. என் ஆல்பத்தில் பாதி, ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்கு வாங்கியவை. யாரோ சட்டைப்பையில் கசக்கி, நோட்டில் பசை தடவி ஒட்டி, மறந்தும் போய், பல வருஷம் கழித்து என்னிடம் வந்து சேர்ந்தவை. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: ஆட்டத்துக்கு வந்தவர் கேட்டால், அன்றைக்கே, அங்கேயே ஒரு காகித டிக்கெட் அடித்துக் கொடுங்கள்.

1947 ஏப்ரல் 15 அன்று, புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்டில் இருபதாம் நூற்றாண்டின் மேஜர் லீகில் ஆடிய முதல் கறுப்பினத்தவரான ஜாக்கி ராபின்சன் முதல் தடவை டாட்ஜர்ஸ் அணிக்காக இறங்கினார். அன்று 25,000 பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் வீசி எறியாமல் வைத்திருந்த கிழிந்த பாதி டிக்கெட், 2022இல் ஏலத்தில் 4,80,000 டாலருக்குப் போனது. மற்றவர்கள் எறிந்தார்களே, விலையே அதனால்தான்.

அந்தப் பாதியாவது வீடு வரைக்கும் போனதற்கு மழைக்கு நன்றி சொல்ல வேண்டும். கேட்டில் ஒரு பகுதியைக் கிழித்து எடுத்துக்கொண்டு, 'ரெயின் செக்' என்று அச்சிட்ட மீதியை ரசிகர் கையில் கொடுப்பார்கள். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஐந்து முடிவதற்குள் மழை வந்து ஆட்டம் நின்றால், அதைக் காட்டி இன்னொரு நாள் வரலாம். அதனால் பத்திரமாக வைத்தார்கள். அப்புறம் மறந்தார்கள்.

என்னிடம் அறுபதுகளின் துண்டு ஒன்று இருக்கிறது. தேதியே இல்லை, ஆட்ட எண் மட்டும். அந்த வருஷத்து அட்டவணையை எடுத்து, மழையில் தள்ளிப்போன ஆட்டங்களைக் கழித்து, எந்த நாள் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. ஒன்றும் விசேஷமில்லாத ஆட்டம்தான். ஆனால் பின்பக்கம் பென்சிலில் ஸ்கோர் எழுதியிருக்கிறது, கடைசி எண்ணை அடித்துத் திருத்தி. பிஎஸ்ஏ மாதிரி தரம் பார்க்கும் இடங்களில் 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார்கள். மடிப்பு, பசைக் கறை, இப்படிப்பட்ட கிறுக்கல் எல்லாம் மதிப்பைக் குறைக்கும். என் கணக்கில் அந்தப் பென்சில் கோடுதான் விலை.

இப்போது எல்லாம் போனில். கியூஆர் கோட் பீப் என்று ஒலிக்கிறது, கதவு திறக்கிறது, சரி. ஸ்க்ரீன்ஷாட்டை யார் ஆல்பத்தில் வைப்பார்கள்? கள்ள டிக்கெட்டுக்குப் பயந்துதான் காகிதத்தை விட்டோம் என்பீர்கள். நியாயம்தான். ஆனால் நான் கேட்பது உள்ளே வந்த பிறகு கொடுக்கும் காகிதம். அதைக் காட்டி யாரும் உள்ளே நுழைய முடியாது.

ஆட்டம் முடிந்த பிறகு விற்பது வேறு விஷயம். 2010 மே 29 அன்று மயாமியில் பில்லீஸ் அணியின் பந்துவீச்சாளர் ராய் ஹாலடே 'பெர்ஃபெக்ட் கேம்' வீசினார், அதாவது எதிரணியில் ஒருவரைக்கூட முதல் பேஸை எட்ட விடவில்லை. எதிரணியான மார்லின்ஸ், அன்றைக்கு விற்காமல் மிஞ்சிய டிக்கெட்டுகளைப் பிறகு விற்றது. ஆசைப்பட்டு வாங்கியவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் கிழியாத அந்த டிக்கெட்டைக் கையில் எடுத்தால், வாங்கியவர் ஆட்டத்தைப் பார்த்தாரா, அடுத்த வாரம் வீட்டிலிருந்தே பணம் கட்டினாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? 1947இன் அந்தக் கிழிசலுக்கு இந்தச் சந்தேகமே வராது.

ஆகவே காகிதத்தில் தேதி, சீட் எண், உள்ளே வந்த நேரம் மூன்றும் இருக்கட்டும். இரண்டு டாலர் வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் யார் கேட்டாலும் திரும்ப அடிக்காதீர்கள். முக்கியமாக, ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்ததும் மெஷினை அணைத்துவிடுங்கள். ஏழாவது இன்னிங்ஸில், ஒரு அணிக்கு இன்னும் ஒரு ஹிட் கூட விழவில்லை, இது சரித்திர ஆட்டமாகலாம் என்று தெரிந்ததும் படியிறங்கி ஓடி வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டாம், நானே வந்து நின்றாலும் சரி.

இப்படிக்கு,
மேல் அடுக்கு சீட்டில் உட்காரும் ஒரு ரசிகன்