புகாட்சுவில் இருந்து ஆரம்பி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. ஜப்பான்காரர் ஒருவரோடு வாரம் ஒரு மணி நேரம், அவருக்குத் தமிழ், உனக்கு ஜப்பானியம். நல்ல ஏற்பாடு. படிப்பு, விளையாட்டு இரண்டில் எதை முதலில் பேசுவது என்று கேட்டிருந்தாய். பிரிக்காதே. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடம் 'புகாட்சு', அதாவது வகுப்பு முடிந்தபின் நடக்கும் பள்ளி விளையாட்டு முதலான மன்றப் பயிற்சி. அங்கிருந்து ஆரம்பி.

அதற்குமுன் வகுப்புக் கணக்கு. தொடக்கப்பள்ளி 6 ஆண்டு, நடுநிலை 3, மேல்நிலை 3. ஒவ்வொன்றிலும் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். 'சூ-நி' (நடுநிலை இரண்டு) நம் எட்டாம் வகுப்பு, 'கோ-சான்' (மேல்நிலை மூன்று) நம் பிளஸ் டூ. 'இரண்டாம் ஆண்டு' என்று மட்டும் காதில் வாங்கினால் அன்றைய பேச்சே கோணிவிடும். கல்வியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை.

பெரும்பாலான பிள்ளைகள் ஒரே மன்றத்தில் மூன்று ஆண்டும் இருப்பார்கள். காலைப் பயிற்சிக்கு 'அசாரென்' என்று பெயர். முதலாண்டுக்காரர்களுக்குப் பந்து பொறுக்குவதே பெரிய வேலை. அதற்கும் 'தமாஹிரோய்' என்று ஒரு சொல் உண்டு. மூன்றாம் ஆண்டுக் கோடையில் கடைசிப் போட்டி தோற்றதும் 'இன்தாய்', ஓய்வு. பதினெட்டு வயதில் ஓய்வா என்று சிரித்துவிடாதே. பல்கலைக்கழகப் பொதுத்தேர்வு ஜனவரியில். படிக்க மிச்சம் ஐந்தாறு மாதம்தான்.

பேஸ்பால் ஆடியவர் என்றால் கோஷியென் பற்றிப் பேசாமல் இருக்கமாட்டார். ஆகஸ்டில் நடக்கும் மேல்நிலைப்பள்ளிப் போட்டி, 1915-இல் தொடங்கியது. 47 மாநிலங்கள், தோக்கியோவுக்கும் ஹொக்காய்தோவுக்கும் இரண்டிரண்டு, ஆக 49 அணி. ஒரு தோல்வி, வீட்டுக்கு. தோற்ற பையன்கள் மைதான மண்ணை அள்ளிப் பையில் கட்டிக்கொண்டு போவார்கள். ஒரே பந்துவீச்சாளர் எல்லா ஆட்டத்தையும் தூக்கிச் சுமந்து கையைக் கெடுத்துக்கொள்வது பழைய நோய். வாரத்துக்கு 500 பந்து என்ற வரம்பு 2020-இல்தான் வந்தது. எனக்கு அதுவே அதிகமாகப் படுகிறது.

அவர் ஆசிரியராக இருந்தால் வேறு பக்கம் திறக்கும். அந்த ஆட்டமே தெரியாத ஆசிரியரும் மன்றப் பொறுப்பாளராக நியமிக்கப்படுவார். சனி, ஞாயிறு போய்விடும். வாரம் இரண்டு நாள் விடுமுறை, வேலைநாளில் பயிற்சி இரண்டு மணி நேரம் என்று 2018-இல் அரசு வழிகாட்டுதல் தந்தது. நடப்பில் எப்படி என்று கேள்.

'ஜப்பான் கல்வி நல்லதா?' என்று மட்டும் கேட்காதே. 'ஸோ தெஸு நே' (அது வந்து...) என்று இழுத்துவிட்டு அமைதியாகிவிடுவார். எந்த மன்றம், அசாரென் எத்தனை மணிக்கு, மைதானத்தைச் சமன்செய்வது யார் என்று சின்னதாகக் கேள். பேச்சு தானாக ஓடும். இன்னொன்று: யாரையும் 'கன்னிங்' என்று சொல்லிவிடாதே. அங்கே அதற்குப் பரீட்சையில் காப்பியடிப்பது என்று அர்த்தம்.

மொழிக்கு அரை அரை மணி, கடிகாரம் வைத்து. திருத்தங்களைக் குறித்துவைத்துக் கடைசியில் சொல். 'நேற்று பள்ளியில் பேஸ்பால் ஆடினேன்' என்பதைச் சொல் வரிசை மாறாமல் 'கினோ கக்கோ தெ யாக்யூ ஓ ஷிதா' எனலாம். 'இல்' இருக்கும் இடத்தில் 'தெ'. இந்த வசதி ஆங்கிலத்தில் ஏது?

உன் முறை வரும்போது கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூவை விளக்கப்போய் மாட்டிக்கொள்ளாதே. கபடியை எடு. 2010 ஆசிய விளையாட்டில் ஜப்பான் ஆண்கள் அதில் வெண்கலம் வாங்கியவர்கள்.

அன்புடன்,
ரவி

பி.கு.: டென்னிஸ் ஆடினேன் என்றால், 'கோஷிகியா, நன்ஷிகியா?' என்று கேள். இரண்டாவது மெத்தென்ற ரப்பர் பந்தில் ஆடுவது. பள்ளிகளில் அதுவும் நிறைய உண்டு.