பீட்டிலின் துரு: சேகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் போட்டோக்களும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் நலம். உன் முட்டிவலி தேவலையா? காருக்கு அடியில் படுத்துப் படுத்து எழுந்திருக்கிற வேலையைக் கையில் எடுத்திருக்கிறாய், அதனால்தான் முதலில் அதைக் கேட்கிறேன்.

ஒருவழியாக ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் வாங்கியே விட்டாய். வீட்டில் வைத்து வேலை பார்க்க இதைவிடத் தோதான பழைய வண்டி குறைவு. இரண்டு கோடிக்கும் மேல் செய்யப்பட்டு, 2003 வரை தயாரிப்பில் இருந்த வண்டி என்பதால் அடித்தகடு, ஹீட்டர் சேனல் (கதவுக்குக் கீழே ஹீட்டர் காற்று போகிற பெட்டிக்குழாய்), மட்கார்டு எல்லாம் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பாடியும் அடித்தளமும் தனித்தனி. போல்ட்டைக் கழற்றினால் பிரிந்துவிடும்.

அடியில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டுக் கறுப்பு அண்டர்கோட் அடித்தால் போதுமா என்று கேட்டிருந்தாய். போதாது. அதற்குச் சும்மாவே விட்டுவிடலாம். தார் வகைப் பூச்சு சில வருடங்களில் இறுகி, முடி போன்ற வெடிப்பு விடும். அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே இழுபட்டு, தகட்டுக்கும் பூச்சுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். வெயிலோ காற்றோ அங்கே எட்டாது. வெளியே பார்த்தால் கறுப்பாக, கச்சிதமாக இருக்கும். உள்ளே தகடு செதில் செதிலாகப் பிரிந்துகொண்டிருக்கும். ஏற்கெனவே அடித்திருக்கிற பழைய பூச்சையும் ஹீட் கன்னால் இளக்கி, பட்டைக் கரண்டியால் சுரண்டி எடுத்தாக வேண்டும். சலிப்பான வேலைதான், குறுக்கு வழி கிடையாது. கிரைண்டரில் கம்பிச் சக்கரம் போட்டால் தார் உருகிச் சுவரெல்லாம் தெறிக்கும், சக்கரமும் அடைத்துக்கொள்ளும்.

துருவைத் தேடாதே, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று தேடு. இந்த வண்டியில் அப்படிப்பட்ட இடங்கள் தெரிந்தவைதான். கதவுக்குக் கீழே முன்னும் பின்னுமாக ஓடும் ஹீட்டர் சேனல் உள்ளுக்குள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். வெளியே ஒரு சின்னக் கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். மட்கார்டுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கிற பீடிங் பட்டையில் மண் சேர்ந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முன்னால் ஸ்டெப்னி உட்காரும் குழி, பின் பம்பர் மாட்டும் இடம், கண்ணாடி ரப்பரின் கீழ் ஓரம், கதவின் அடிமடிப்பு எல்லாம் இந்த வரிசையில் வரும். கதவின் உள் அட்டைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்க வேண்டும். அது கிழிந்திருந்தால் மழைத்தண்ணீர் அட்டையை நனைத்துக் கார்ப்பெட்டுக்கு இறங்கும். அடித்தகடு மேலிருந்து அழுகுவதற்கு அது போதும்.

பின் சீட்டுக்கு அடியில், வலது பக்கம் பேட்டரி இருக்கிறது பார். ஆசிட் சிந்திச் சிந்தி அந்த மூலை பெரும்பாலும் ஓட்டையாகத்தான் இருக்கும். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்று. நுரை நிற்கும்வரை ஊற்றிக் கழுவிவிட்டுப் பிறகு தகட்டைத் தொடு. ஆசிட் மிச்சமிருக்கிற தகட்டில் எந்தப் பெயிண்ட்டும் நிற்காது. பேட்டரிக்கு மேல்மூடி இல்லாவிட்டால் இன்றைக்கே ஒன்று வாங்கிப் போடு. கனமான ஆள் பின்னால் உட்கார்ந்தால் சீட்டு ஸ்பிரிங் இறங்கி டெர்மினலைத் தொடும், அதற்கு மேலே நாரும் துணியும். வண்டி எரிந்து போக வேறு எதுவும் வேண்டாம்.

பரிசோதனைக்குச் சின்னக் காந்தம், மழுங்கிய ஸ்குரூ டிரைவர், சுத்தியல், டார்ச் இருந்தால் ஆயிற்று. காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிப் பாடி முழுக்க ஓட்டு. பிடிப்பு தளர்கிற இடத்தில் கனமாகப் பட்டி போட்டிருக்கிறார்கள். கீழே தட்டிப் பார். நல்ல தகடு கணீரென்று கேட்கும், அழுகியது மந்தமாகச் சத்தம் போடும். சந்தேகமான இடத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்து உடம்பு வலுவோடு அழுத்து. உள்ளே போனால் போகட்டும், இல்லாத தகட்டை நீ கெடுத்துவிட முடியாது.

பாகங்களைக் கழற்றும்போது ஒவ்வொரு போல்ட்டையும் பையில் போட்டுப் பெயர் எழுதி வை. பாடியை அடித்தளத்தோடு பிடிக்கிற போல்ட்டுகளில் பெரும்பாலானவை 13 மில்லிமீட்டர் ஸ்பானருக்கானவை. ஓரம் முழுக்கக் கீழிருந்து ஏறியிருக்கும். அவற்றின் நட்டு சேனலுக்குள்ளே ஒட்டியிருப்பது. போல்ட் முறிந்தாலோ, நட்டு பிடிவிட்டு உள்ளேயே சுற்ற ஆரம்பித்தாலோ வேலை இரட்டிப்பாகும். அதனால் துருவை இளக்கும் எண்ணெயை முந்தின நாளே அடித்து ஊறவிடு. மறுநாள் முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு நூல் அசை, பிறகு தளர்த்து, மறுபடி இறுக்கு. முரண்டு பிடித்தால் சூடு காட்டலாம். ஆனால் பெட்ரோல் டேங்க் உள்ளே இருக்கும்போது வேண்டாம்.

டேங்க் முன்னால் இருக்கிறது, எஞ்சின் பின்னால் இருக்கிறது. இரண்டையும் சேர்க்கிற பெட்ரோல் குழாய், அடித்தளத்தின் நடுவே முன்பின்னாக ஓடும் சுரங்கத்துக்குள்ளேயே ஓடுகிறது. புது அடித்தகட்டைப் பற்றவைக்கப் போகிறதோ அந்தச் சுரங்கத்தின் விளிம்பில்தான். டேங்கைக் கழற்றி வண்டியை விட்டு வெளியே கொண்டுபோய் வை. குழாயைக் காலி செய்து, காற்றடித்து, இரண்டு முனையையும் அடைத்துவிட்டு வெல்டிங்கைத் தொடு. காலி டேங்கில் நிற்கும் ஆவி, நிறைந்த டேங்கைவிட மோசம்.

இப்போது வெட்டுகிற விஷயம். ஹீட்டர் சேனல்தான் பாடியின் கீழ்விளிம்புக்கு வலு கொடுப்பது. அதை வெட்டியதும் பாடி தானாக மடங்கப் பார்க்கும். அதனால் வெட்டுவதற்கு முன்பே 25 மில்லிமீட்டர் சதுரக் குழாயைக் கதவு வாசலில் முன் தூணுக்கும் பின் தூணுக்கும் குறுக்கே வைத்து, பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்துப் பிடித்துவிடு. இடமிருந்து வலமாகவும் ஒன்று. ஒரு பக்கத்தை முழுசாக முடித்த பிறகுதான் மறுபக்கம். புதுச் சேனலை அடித்தளத்தோடு போல்ட் போட்டு இறுக்கி, பாடியை அதன்மேல் உட்கார வைத்து, கதவை மாட்டிச் சுற்றிலும் இடைவெளி சரியாக வருகிறதா பார். சரியென்றால் மட்டும் முழு வெல்டிங். கதவை மாட்டாமல் சேனலைப் பற்றவைத்தவர்கள் கடைசியில் கதவை இழைத்துக்கொண்டிருப்பார்கள்.

வெல்டிங்குக்கு மிக் மெஷின் (கம்பியைத் தானே ஊட்டுகிற வகை), 0.6 மில்லிமீட்டர் கம்பி, ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு. வாயு இல்லாத ஃபிளக்ஸ் கம்பி இந்த மெல்லிய தகட்டுக்குச் சூடு அதிகம். ஓட்டையை அடைக்கப் போய் ஓட்டை போடும். அதே கனமுள்ள வெட்டுத் துண்டில் பழகிவிட்டு வண்டிக்கு வா. ஒட்டுகிற இடத்தைச் சுற்றி 20 மில்லிமீட்டருக்கு இரு பக்கமும் வெள்ளியாகப் பளபளக்கும் வெறும் தகடு தெரியும்வரை தேய். விளிம்பு மேல் விளிம்பு வருகிற இடத்தில் நடுவே துத்தநாகப் பிரைமர் அடி, அங்கே பின்னால் பிரஷ் எட்டாது. மேல் தகட்டில் 6 மில்லிமீட்டர் துளைகளைச் சுமார் 35 மில்லிமீட்டருக்கு ஒன்றாகப் போட்டு, துளைக்குள் நிரப்பிப் பற்றவை. தொழிற்சாலையில் வைத்த பொட்டுகளுக்கு இதுதான் நெருக்கமான மாற்று. நேர்கோடாக ஓட்டாதே; இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று தாவித் தாவி வை, தொட்டால் கை பொறுக்கிற சூடு வந்த பிறகு அடுத்தது. ஒரே மூச்சில் ஓட்டினால் தகடு அப்பளம் மாதிரி நெளிந்துவிடும்.

இன்னொன்று, இதை மறக்காதே. வெல்டிங்குக்கு முன் தகட்டைத் துடைக்கக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரைப் பயன்படுத்தாதே. வெல்டிங் ஆர்க்கின் சூடும் ஒளியும் பட்டால் அது ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும், கொஞ்சம் மூச்சில் போனாலும் ஆளைச் சாய்க்கும். அசிட்டோன் போதும், அதுவும் முழுக்கக் காய்ந்த பிறகுதான். பேட்டரி வயரைக் கழற்று, தீயணைப்பானைக் கைக்கெட்டும் இடத்தில் வை. வேலை முடிந்து ஒரு மணி நேரமாவது அங்கேயே இரு, ஒலித்தடுப்பு அட்டைக்குள் கனல் ஒளிந்திருக்கும்.

சின்ன உதிரிகளில் துருவைக் கழற்ற மின்முறை நல்லது. பிளாஸ்டிக் தொட்டியில் 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா; பழைய வகைப் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ்வைத் துருப்பிடித்த பாகத்திலும் பாசிட்டிவ்வை வேண்டாத இரும்புத் துண்டிலும் மாட்டு. மாற்றி மாட்டினால் கரைவது உன் பாகம். அந்தத் துண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கக் கூடாது, தண்ணீரில் நச்சுக் குரோமியம் இறங்கும். ஹைட்ரஜன் வரும் என்பதால் வெட்டவெளியில் வை. ஸ்பிரிங்குகளையும் கடினப்படுத்திய போல்ட்டுகளையும் இதில் போடாதே. ஹைட்ரஜன் ஏறி உடையும்.

பாடியில் மிச்சமிருக்கிற மெல்லிய, குழிகளுக்குள் ஒட்டிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம். செதிலாக உரிகிற துருவின் மேல் அதை ஊற்றிப் பிரயோஜனமில்லை; மேல்தோல் மாறும், அடியில் உயிரோடு இருக்கும். காய விடாமல் வேலை முடிந்ததும் டப்பாவில் சொன்னபடி கழுவி உலர்த்து. அமிலம் மிச்சமிருந்தால் மேலே அடிக்கிற எபாக்ஸி பிரைமர் பிடிக்காமல் தகடாக உரிந்து வரும். மணல் வீச்சு அடித்தளத்துக்குச் சரி. பானெட், கூரை மாதிரி அகலத் தகடுகளுக்கு வேண்டாம், உப்பிக்கொள்ளும்.

சுத்தமான தகட்டை வெறுங்கையால் தொடாதே, வியர்வை உப்பே போதும். ஈரக் காற்றில் சில மணி நேரத்திலேயே செம்பூச்சு விழுந்துவிடும். ஆகவே எவ்வளவு தேய்க்கிறாயோ அவ்வளவுக்கும் அன்றைக்கே எபாக்ஸி பிரைமர், இரண்டு கோட். குளிர் அதிகமான நாளில் அது இறுகாது. 15 டிகிரிக்கு மேல் இருக்கட்டும். அடுத்த கோட்டுக்கு எத்தனை மணிக்குள் வர வேண்டும் என்று டப்பாவில் எழுதியிருக்கும். அது தாண்டினால் உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கிவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

பட்டி எபாக்ஸிக்கு மேலேதான். வெறும் தகட்டில் நேரே பட்டி போடுகிற பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. பட்டி ஈரம் உறிஞ்சும், அதனால்தான் ஒரு வருடத்தில் கொப்புளம். ஹார்டனர் கலக்காத சாதாரண ஒற்றைப் பிரைமரோடு வண்டியை மழையில் நிறுத்துகிறவர்களுக்கும் இதே கதிதான், அந்தப் பிரைமரும் நீரை உள்ளே விடும். இணைப்புகளுக்கு பாலியூரித்தேன் சீலர், அதுவும் எபாக்ஸிக்கு மேல். குளியலறைச் சிலிக்கான் வேண்டாம். அசிட்டிக் அமிலம் விடும், மேலே பெயிண்ட்டும் ஒட்டாது. வெளிப்புற இரட்டைக் கலவைப் பெயிண்ட்டை மட்டும் பெயிண்ட் பூத் உள்ள பட்டறையில் கொடுத்து அடித்துக்கொள். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது, கரி மாஸ்க் அதற்குப் போதுமான பாதுகாப்பு இல்லை.

கடைசியில், துரு வராமல் உள்ளறைகளிலும் அடியிலும் தெளிக்கிற மெழுகு. பெயிண்ட் நன்றாகக் காய இரண்டு வாரம் கொடு. இந்த அளவு வண்டிக்கு உள்ளறைகளுக்கு 3 லிட்டர், அடிப்பாகத்துக்கு இன்னொரு 3 லிட்டர் எடுத்து வை. டப்பாவை வெந்நீர் வாளியில் நிறுத்தி இளக்கி, சுற்றிலும் தெளிக்கிற முனையுள்ள நீளக் குழாயைச் சேனலின் கடைசிவரை செலுத்தி, விசையை அழுத்தியபடியே மெதுவாகப் பின்னால் இழு. மடிப்புகளில் மெழுகு கசிந்து வெளியே வந்தால் உள்ளே சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஹீட்டர் காற்று போகிற வழிக்குள் மட்டும் விழ விடாதே. எஞ்சின் சூடானதும் வாடை முழுக்க உள்ளே வரும். அந்தப் பாதைக்கு எபாக்ஸியே போதும். பிரேக் டிரம், சைலன்சர், எஞ்சின் பக்கத்தை மூடிவிட்டு அடி. ஓரிரு நாள் சொட்டும், கீழே அட்டை விரித்து வை. சொட்டு நின்றதும் கதவடி, சேனலடித் துளைகளை ஒவ்வொன்றாகக் கம்பி விட்டுத் திற; மெழுகால் அடைபட்ட துளை, மெழுகே அடிக்காததற்குச் சமம். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வெல்டிங் கிடையாது, பற்றிக்கொள்ளும்.

போட்டோவில் இடது சேனலின் பின்முனை எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஃபுட்போர்டைக் கழற்றிவிட்டு அங்கே குத்திப் பார். அப்படியே இரண்டு கதவுகளின் இடைவெளியையும் மேலே, நடுவே, கீழே அளந்து மில்லிமீட்டரில் எழுதி அனுப்பு. எந்தப் பக்கத்தை முதலில் வெட்டுவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை கிரைண்டரைத் தொடாதே.

அன்புடன்,
ரகு