ஆடு அடிக்கும் தொட்டியில் வீட்டாருக்கும் ஓர் இடம் வேண்டும்

தமிழ்நாடு அரசின் நகராட்சி நிர்வாகத் துறை, கால்நடை பராமரிப்புத் துறை அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். தான் வளர்த்த ஆட்டைத் தன் வீட்டாருக்காகத் தானே அறுத்துக் கறியாக்கிக்கொள்ள விரும்பும் ஒருவர், நகராட்சி எல்லைக்குள் அதை எங்கே, எப்படிச் செய்வது என்று கேட்டால் தெளிவான பதில் கிடைப்பதில்லை. "அதெல்லாம் கூடாது" என்பார் ஒருவர். "காதுகுத்துக்கு எல்லாரும் வெட்டத்தானே செய்கிறார்கள், யார் கேட்கப் போகிறார்கள்" என்பார் இன்னொருவர். இரண்டையும் பதிலாக எடுத்துக்கொள்ள முடியாது. விற்பனைக்கு அல்லாமல் வீட்டுத் தேவைக்கு ஆடு அறுப்பவர்களுக்கு, நகராட்சிகளின் ஆடு அடிக்கும் தொட்டிகளில், அதாவது இறைச்சிக்கூடங்களில், தனி இடமும் நேரமும் ஒதுக்கி, கால்நடை மருத்துவரின் பார்வையில் அதைச் செய்துகொள்ள வழி செய்ய வேண்டும் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மாட்டைப் பற்றி இங்கே பேசவில்லை. அதற்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டம் தனியே இருக்கிறது. அதைத் தொட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். வெள்ளாடு, செம்மறி ஆகிய இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் உணவுக்காக விலங்கைக் கொல்வதைக் குற்றமாக்கவில்லை. தேவையில்லாத வலியை உண்டாக்குவதைத்தான் குற்றமாக்குகிறது. மதம் விதித்த முறையில் கொல்வதற்கு அதன் 28-ஆம் பிரிவு விலக்கும் அளிக்கிறது. கொல்லும் இடத்தைப் பற்றிய கட்டுப்பாடு 2001-ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகளில் வருகிறது. உரிமமோ அங்கீகாரமோ பெற்ற கூடத்துக்கு வெளியே, நகராட்சிப் பகுதிக்குள் எந்த விலங்கையும் அறுக்கக் கூடாது என்பது விதி. சினையாட்டையும், மூன்று மாதம் நிறையாத குட்டியையும், அப்படிப்பட்ட குட்டியுள்ள தாயாட்டையும், மருத்துவர் தகுதிச் சான்று தராத எந்த ஆட்டையும் அறுக்கக் கூடாது. கூடத்தில் அறுப்பதற்கு அமர்த்தப்படுபவர் உள்ளாட்சி அமைப்பின் உரிமமோ அனுமதியோ பெற்றிருக்க வேண்டும். 18 வயது நிரம்பாதவரை அங்கே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது.

இவற்றில் ஒன்றையும் தளர்த்தும்படி நான் கேட்கவில்லை. ஆனால், அறுப்பதற்கான இடத்தை அங்கீகரிப்பதும் அறுக்கிறவருக்கு அனுமதி தருவதும் உங்கள் உள்ளாட்சி அமைப்புகளின் கையில்தான் இருக்கின்றன. வீட்டுத் தேவைக்கு அறுப்பவருக்கு வழியில்லாமல் போனது சட்டத்தால் அன்று. அவரை மனத்தில் வைத்து எந்தக் கூடமும் நடத்தப்படாததால்தான். தொட்டியில் கட்டணம் வசூலிக்கும் உரிமை ஏலத்தில் குத்தகைக்குப் போகிறது. குத்தகைதாரருக்கும் கறிக்கடைக்காரர்களுக்கும் இடையிலான ஏற்பாடாகவே அது நடக்கிறது. ஒற்றை ஆட்டோடு ஒரு வீட்டார் வந்து நின்றால் அங்கே அவர்களை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

இந்தச் சிக்கல் நகரத்தின் எல்லை நகர நகரப் பெரிதாகிறது. 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது 25 ஊராட்சிகள் அதற்குள் வந்தன. 2021-இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. மற்ற ஊர்களிலும் இணைப்புகள் தொடர்கின்றன. முந்தின நாள் வரை ஊராட்சியில் வாழ்ந்து, தோட்டத்துப் புளியமரத்தில் ஆடு உரித்தவர், அரசிதழில் ஓர் அறிவிக்கை வந்ததும் விதியை மீறியவராகிவிடுகிறார். அவருடைய ஆடும் அப்படியே இருக்கிறது, மரமும் அப்படியே இருக்கிறது. அவர் இனி எங்கே போக வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. கிராமப்புற ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடுகள் என்று 2011-இல் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியதும் நம் அரசுதான் என்பதை இந்த இடத்தில் நினைவூட்டுவதில் தவறிருக்காது.

இனி, இதைச் சாதாரண மக்களால் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். தென் மாவட்டங்களில் தீபாவளிக்குச் சில குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆட்டைப் பிடித்து, விடியுமுன் அடித்து, கூறு போட்டுப் பிரித்துக்கொள்ளும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அதில் கைதேர்ந்த ஒருவர் செய்வதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு, அது வெறும் முரட்டு வேலை இல்லை என்பது தெரியும். முந்தின இரவே தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைக்கிறார். வயிறு நிறைந்திருந்தால் குடலைப் பிரிக்கும்போது கிழிந்து கறியெல்லாம் சாணம் படும். கத்தியை அன்று காலை தீட்டுவதில்லை, முந்தின நாளே தீட்டி வைத்துவிடுகிறார். ஒரே இழுப்பில் கழுத்தின் இரு பக்க ரத்தக் குழாய்களும் அறுபட வேண்டும். இரண்டாம் முறை கத்தியை வைக்க நேர்ந்தால் அது அவருக்கு அவமானம். ரத்தம் வடிந்து முடிந்த பிறகு, பின்னங்கால் நரம்புக்குள் கயிற்றைக் கோத்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு, கத்தியை ஓரமாக வைத்துவிட்டுத் தோலுக்கும் சதைக்கும் இடையில் மூடிய கையைக் கொடுத்துத் தள்ளித் தள்ளியே உரிக்கிறார், ஏனென்றால் கத்தி பட்டு ஓட்டை விழுந்த தோலுக்கு விலை கிடையாது. ஈரலோடு ஒட்டியிருக்கும் பித்தப்பையை எடுக்கும்போது மட்டும் பேச்சை நிறுத்திக்கொள்கிறார். அது உடைந்தால் ஈரல் கசந்துபோகும்.

அதன் பிறகு வேலை பெரும்பாலும் பெண்களின் கைக்கு மாறுகிறது. குடலைப் புரட்டிப் போட்டுச் சுண்ணாம்பு தடவி வெந்நீரில் அலசுவதும், தலையையும் காலையும் நெருப்பில் வாட்டி முடியைச் சுரண்டுவதும், ரத்தத்தை உப்புப் போட்டு உறையவைத்துப் பொரியலாக்குவதும் கழுத்தறுப்பதைவிட நேரம் பிடிக்கும் வேலைகள். 20 கிலோ எடையுள்ள ஆட்டில் கறியாகத் தேறுவது ஏறக்குறைய பாதிதான். மீதியிலும் பெரும்பகுதி வீணாகாமல் இருப்பது இந்தக் கைகளால்தான். கறி தின்பவர்கள் எல்லாரும் கத்தி பிடித்தே ஆக வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாட்டுக்கோழியின் இறகைப் பிடுங்கி மஞ்சள் தடவி வாட்டத் தெரிந்தவர்களே நகரத்தில் குறைந்துவிட்ட காலம் இது. ஆனால் தெரிந்தவர்கள் தொடரவும், தெரியாதவர்கள் கற்கவும் ஓர் இடம் இருக்க வேண்டும் என்கிறேன்.

வீட்டில் அறுப்பதை நான் உயர்த்திப் பேசுவதாகத் தோன்றினால், அதிலுள்ள ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கோரிக்கையின் முதன்மைக் காரணமே அதுதான். சில ஆடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர் கோத்த வெண்ணிறக் கட்டிகள் இருக்கும். வீட்டில் அறுக்கிறவர் அந்தத் துண்டை மட்டும் அரிந்து, வாசலில் காத்திருக்கும் நாய்க்கு வீசிவிடுவார். கறியைத் தின்றவர்களுக்கு அந்தக் கட்டியால் நேராக ஒன்றும் வருவதில்லை. நாயின் குடலுக்குள் போனதும் அதிலுள்ள கரு சிறு நாடாப்புழுவாக வளர்கிறது. அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியேறி, மண், கீரை, நாயைத் தடவிய கை ஆகியவற்றின் வழியாக மனிதர் வயிற்றை அடைகின்றன. பிறகு மனித ஈரலிலும் நுரையீரலிலும் அதே கட்டி வளர்கிறது. பல ஆண்டுகள் அது வெளியே தெரிவதில்லை. தெரியவரும்போது பலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. நாய்க்கு ஒரு வாய் போட்டோம் என்று நினைத்தவர், தம் தெருக் குழந்தைகளுக்கு நோயை வைத்துவிட்டுப் போகிறார்.

ஆந்த்ராக்ஸ் எனப்படும் அடைப்பான் நோய் இதைவிடக் கொடியது. நேற்று வரை மேய்ந்த ஆடு திடீரென்று விழுந்து செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வந்தால், அந்த உடலில் கத்தி வைக்கவே கூடாது. திறந்த உடலில் காற்றுப் பட்டதும் கிருமி வித்துகளாக மாறி, மண்ணில் பல பத்தாண்டுகள் உயிர் பிடித்திருக்கும். ஆனால் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு அந்த ஆடு பெரிய சொத்து. வீணாகப் போகிறதே என்று அறுத்துப் பங்கு போடத் துணிவார்கள்.

இந்த இரண்டையும் தடுக்கக்கூடியவை, அறுக்குமுன் ஆட்டைப் பார்க்கும் கண்ணும், அறுத்த பின் ஈரலையும் நுரையீரலையும் பார்க்கும் கண்ணும்தான். இன்றைய நிலையில் ஆட்டை வளர்த்தவர் அந்தக் கண்களுக்கு அப்பால்தான் அறுக்கிறார், ஏனென்றால் அவர் ஒளிந்து அறுக்கிறார். விதி அவரை அறுக்காமல் தடுக்கவில்லை. மருத்துவரிடம் வராமல் தடுத்திருக்கிறது.

தடை போட்டுவிட்டால் தீரும் என்று நினைப்பவர்களுக்கு நம் மாநிலத்தின் அனுபவமே போதும். கோயில்களில் விலங்குகளையும் பறவைகளையும் பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் 1950-இல் வந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்தது. 2003 ஆகஸ்டில் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த ஆணை பிறந்தது. கருப்பசாமிக்கும் முனியாண்டிக்கும் நேர்ந்துவிட்ட கிடாக்கள் என்ன ஆவது என்று ஊர் ஊராக எதிர்ப்பு எழுந்தது. 2004-இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. இதில் யார் வென்றார் என்பது எனக்கு முக்கியமில்லை. கிடா வெட்டும் இடத்துக்குத் தண்ணீர், வடிகால், மருத்துவர் வேண்டும் என்ற பேச்சு மட்டும் அந்தச் சண்டையில் எழவே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

வேறு நாடுகள் இதை எப்படிக் கையாளுகின்றன என்பதையும் பார்க்கலாம். நியூசிலாந்தின் 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறைந்தது 28 நாள்கள் அந்த விலங்கையோ அதே வகை விலங்குகளையோ அன்றாடம் பராமரித்து வந்த உரிமையாளர், தம் வீட்டு உணவுக்காக அதைத் தாமே கொல்லலாம். அல்லது பதிவு பெற்ற ஒருவரைக் கொண்டு கொல்லச் செய்யலாம். அந்த இறைச்சியை விற்கவோ பண்டமாற்று செய்யவோ கூடாது. அமெரிக்காவில் உரிமையாளரின் சொந்தத் தேவைக்காக அறுத்துத் தரும் கூடங்கள் தனி வகையாகவே இருக்கின்றன; அங்கிருந்து வரும் இறைச்சியில் 'விற்பனைக்கு அன்று' என்று குறிக்க வேண்டும். சொந்தத் தேவையையும் வணிகத்தையும் பிரிப்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை. நாம் நியூசிலாந்தின் வழியில் கொல்லைப்புறத்துக்கே அனுமதி கொடுக்க முடியாது. அங்கே பண்ணை வீடுகளுக்கு இடையில் இருக்கும் தொலைவு நம் தெருக்களில் இல்லை. நம் கழிவுநீர்க் கால்வாயில் விழும் ரத்தம் அடுத்த வீட்டு வாசலில் தேங்கும். ஆகவே நமக்குப் பொருந்துவது பொதுக்கூடத்தில் ஒதுக்கப்பட்ட இடம்தான்.

அதை நடத்துவதற்குப் பெரிய செலவு ஆகாது. 2001 விதிகளின்படி ஒரு கால்நடை மருத்துவர் மணிக்கு 12 ஆடுகளுக்கு மேல் பரிசோதிக்கக் கூடாது. ஞாயிறு அதிகாலையில் இரண்டு மணி நேரம் வீட்டாருக்கென ஒதுக்கினால், ஒரே மருத்துவர் 24 ஆடுகளைப் பார்த்துவிடலாம். சிறு நகராட்சி ஒன்றுக்கு அது தாராளம். ஓர் ஆட்டின் கண் முன்னால் இன்னோர் ஆட்டை அறுக்கக் கூடாது என்ற விதியும் இருப்பதால், ஒரு தடுப்புச் சுவரும், தொங்கவிட இரும்புக் கொக்கிகளும், தண்ணீர்க் குழாயும், கழித்துக்கட்டிய உறுப்புகளை நாய் தோண்டாத ஆழத்தில் புதைக்க மூடியுள்ள குழியும் வேண்டும். உரிமையாளர் உடனிருக்கலாம். பயிற்சி பெற்று அனுமதி வாங்கியவராக இருந்தால் தாமே அறுக்கலாம். இல்லையென்றால் உரிமம் பெற்றவர் அறுக்க, உரிக்கும் வேலையையும் கூறு போடும் வேலையையும் உரிமையாளர் கவனித்துக்கொள்ளலாம். வீட்டுக் கறிக்கு வேறு நிறத்தில் முத்திரை குத்திவிட்டால் அது கடைக்குப் போவதையும் தடுக்கலாம்.

பயிற்சி அளிக்கும் தகுதி நம்மிடமே இருக்கிறது. வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும், 1989-இல் அமைந்த கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் ஆடு வளர்ப்பைச் சொல்லித்தருவது போலவே, நோயுற்ற ஈரலை அடையாளம் காண்பதையும் ஒரே இழுப்பில் அறுப்பதையும் சொல்லித்தர முடியும். கைப்பழக்கம் இல்லாதவர் கத்தி எடுத்தால் ஆடு துடிக்கும் என்று விலங்கு நல ஆர்வலர்கள் சொல்வது முற்றிலும் நியாயம். அதனால்தான் பயிற்சியை அனுமதிக்கு நிபந்தனையாக வைக்கச் சொல்கிறேன். காந்தி பிறந்த நாள், மகாவீர் ஜெயந்தி, வள்ளலார் நினைவு நாள் போன்ற நாள்களில் தொட்டிகள் மூடப்படும்போது இந்த இடமும் மூடியே இருக்கட்டும்; அதில் எனக்குப் பேச்சில்லை.

பக்ரீத் நாளின் கூட்டத்துக்கும், கிராமக் கோயில் கொடைகளுக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு போதாது. குர்பானிக் கறியில் ஒரு பங்கு ஏழைகளுக்கும் ஒரு பங்கு உறவினருக்கும் போவதால், ஒரு வீட்டில் அறுப்பது பல வீடுகளின் உணவாகிறது. அங்கே கவனமும் கூடுதலாக வேண்டும். அந்த நாள்களுக்குத் தற்காலிக இடங்களை முன்கூட்டியே அறிவித்து, நடமாடும் மருத்துவக் குழுவை அனுப்பலாம்.

மாநிலம் முழுவதற்குமான திட்டம் ஒன்று வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆடு அடிக்கும் தொட்டிகளுக்கு அடுத்த குத்தகை ஏல அறிவிப்பு வெளியிடும்போது, 'விற்பனை நோக்கமின்றி வீட்டு உபயோகத்துக்குக் கொண்டுவரப்படும் ஆடுகளை ஞாயிறு காலை நிர்ணயித்த கட்டணத்தில் குத்தகைதாரர் அனுமதிக்க வேண்டும்' என்ற ஒரு நிபந்தனையை மட்டுமாவது சேர்க்கும்படியும், அந்த நேரத்துக்கு ஒரு கால்நடை மருத்துவரைப் பணியமர்த்தும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டுத் தேவைக்கு ஆடு வளர்க்கும் ஒருவர்