பழைய புத்தகம், ஏடு வைத்திருப்போர் கவனத்துக்கு

வணக்கம் உறவுகளே,

ஐப்பசி மழை தொடங்க முதல் இதைச் சொல்லிவிட வேணும். குழுவில் வந்த படங்களில் கிழிந்த பக்கங்களுக்கு செலோடேப் ஒட்டியிருக்கு. தயவுசெய்து வேண்டாம், அந்தப் பசை மஞ்சளாகி எழுத்தையே கறையாக்கும். லாமினேற் பண்ணுறது அதைவிட மோசம், பிறகு பிரிக்கவே ஏலாது. ஏடுகளை வெயிலில் போடாதீங்கோ, வெடிக்கும். நிழலில் காற்றாட வைத்து, மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும். நம்மட திருகோணமலைக் கடற்காற்றுக்கு அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்கவும் கூடாது.

திருக்கோணேச்சரக் கோயிலைப் பற்றிய ‘கோணேசர் கல்வெட்டு’ என்ற பழைய நூலின் பழைய பதிப்பு மட்டும்தான் அரிய நூல் என்று நினைக்கவேண்டாம். கோயில் கணக்குக் கொப்பி, பாடசாலை மலர், கல்வெட்டு என்று நாங்கள் சொல்லுற, இறந்தவர் நினைவாக அந்தியேட்டிக் கிரியையில் வெளியிடுற மலர், எல்லாம் சேர்த்தி. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறு பிரதி இல்லாத சுவடிகளும் அதற்குள்தான்.

அதனால் முதலில் படமெடுங்கோ. பிளாஷ் வேண்டாம், அச்சக விவரமுள்ள பக்கத்தை விடவும் வேண்டாம். ‘நூலகம்’ என்ற நிறுவனம் 2005 முதல் இப்படியானவற்றை எண்ணிமமாக்கி (ஸ்கான் பண்ணி) இணையத்தில் இலவசமாகத் தருகுது. மூலத்தை ஒப்படைக்க விரும்புறவைக்காக, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் படிப்பிக்கிற நம்ம ஆக்கள் அங்குள்ள நூலகத்தில் விசாரித்து இங்கே போடுங்கோ.