வண்டி எப்போது சூடாகிறது?

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். நீயும் மருமகளும் சின்னவனும் நலமாக இருக்க வேண்டும். செல்பேசியில் பேசினால் "ம்", "சரிப்பா" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. உன் மாருதி ஆம்னி வேன் சூடாகும் விஷயத்தை அப்படி முடிக்க இயலாது என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன். படித்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டுவிடாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டி இரவு முழுவதும் ஆறிக் கிடந்த பிறகு, இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்.

தீபாவளிக்கு முன்பு நீ என்னிடம் சொன்னது, சுங்கச்சாவடி வரிசையில் நின்றாலே சூட்டைக் காட்டும் முள் மேலே போகிறது, ஊருக்கு அவ்வளவு தூரம் நம்பி எடுத்துவர முடியாது என்பது. பொங்கலுக்கு நீ அக்காவிடம் சொன்னது, கோவைக்குள் ஒரு தொல்லையும் இல்லை, நெடுஞ்சாலையில் வேகம் பிடித்தால்தான் சூடாகிறது, கரூர் தாண்டாது என்பது. இரண்டையும் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். நிற்கும்போது சூடாவதும் ஓடும்போது சூடாவதும் ஒரே பழுதின் அடையாளங்கள் அல்ல. நான் ஐ.டி.ஐ.யில் பாடம் எடுத்த காலத்தில் பையன்களிடம் முதலில் கேட்பது "எப்போது சூடாகிறது?" என்ற கேள்வியைத்தான். அதற்குச் சரியான விடை வராமல் எந்த நட்டிலும் ஸ்பானர் வைக்க விட்டதில்லை. உன் இரண்டு விடைகளும் உண்மையானால் வண்டியில் இரண்டு பழுதுகள் இருக்க வேண்டும். வேறு விதமாக யோசிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இரண்டு பழுதுகள் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் நிற்கும்போது சூடாவது. வண்டி ஓடும்போது, இன்ஜின் தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டருக்குக் காற்று தானாகவே கிடைத்துவிடும். நின்றால் ஃபேன் ஒன்றுதான் கதி. வண்டியை நிழலில் நிறுத்தி ஐடிலிங்கில் ஓடவிட்டு, முள் நடுவைத் தாண்டிச் சிறிது ஏறும்போது ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்குகிறதா என்று பார். தொடங்கவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே இரண்டையும் பார்த்துவிட்டு, ஃபேன் மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடு. சுற்றவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது. சுற்றினால், சூடு ஏறினால் ஃபேனை இயக்கும் தெர்மோ சுவிட்சின் கனெக்டரைக் கழற்றி அந்த இரண்டு வயர்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பார். அப்போது சுற்றினால் பழுது சுவிட்சில் இருக்கிறது, மிகச் சிறிய செலவு. மோட்டாரை யாராவது முன்பு மாற்றியிருந்தால் வயர்களை இடம் மாற்றிக் கொடுத்திருக்கவும் கூடும். அப்படியானால் ஃபேன் சுற்றும், ஆனால் காற்றை உள்ளே இழுக்காமல் வெளியே தள்ளும். ஒரு செய்தித்தாள் துண்டை ரேடியேட்டரின் முன்பக்கம் பிடித்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்து வந்தால் ஃபேன் எதிர்த்திசையில் ஓடுகிறது என்று பொருள். ஃபேன் அருகே கை வைக்கும்போது கவனம், அது எந்த நேரத்திலும் தானாகப் புறப்படும்.

மூடியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே. உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். அந்த மூடி ஏறக்குறைய 0.9 கிலோ அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரியை நெருங்கும் வரை அடங்கிக் கிடக்கிறது. மூடியைத் திருகிய கணமே அழுத்தம் போய், அத்தனை தண்ணீரும் கொதித்து முகத்தில் அடிக்கும். அந்த மூடியே பழுதாகவும் இருக்கலாம். அடியில் இருக்கும் ரப்பர் வளையம் வெடித்திருந்தாலும், ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும், சூடாவதற்கு முன்பே தண்ணீர் ரிசர்வ் டேங்குக்குத் தள்ளப்பட்டு வழிந்து போகும். நடுவில் உள்ள சின்ன வால்வு ஒட்டிக்கொண்டிருந்தால், வண்டி ஆறும்போது தள்ளிய தண்ணீரைத் திரும்ப இழுக்காது. மறுநாள் காலையில் மேல் ஹோஸ் சப்பையாக ஒடுங்கிக் கிடப்பதைப் பார்த்தால் இந்த வால்வைத்தான் சந்தேகிக்க வேண்டும். சிலிண்டரின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் புது மூடி ஒன்று வாங்கிப் போட்டுப் பார்ப்பதில் தவறே இல்லை.

இனி ஓடும்போது சூடாவது. ஃபேன் பழுதாக இருந்தால்கூட ஓட்டத்தில் தெரியாது. ஓட்டத்தில் சூடானால் தண்ணீர் போதுமான அளவு சுற்றவில்லை, அல்லது ரேடியேட்டரால் சூட்டை வெளியே விட முடியவில்லை. முதலில் வெளிப்பக்கம். இங்கே அறுவடைக் காலத்தில் அந்த வண்டி எத்தனை முறை களத்துக்குப் போய் வந்திருக்கிறது என்பது உனக்குத் தெரியும். நெல் தூசும் பதரும் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளான ஃபின்களுக்குள் அடைந்திருக்கும், அதன் மேல் உங்கள் ஃபவுண்டரிக் கரித்தூள் வேறு. சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் தண்ணீரை அதன் மேல் அடிக்க விடாதே, ஃபின்கள் மடங்கிவிடும். சாதாரணத் தோட்டக் குழாயால் ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் விட்டால் அடைந்தது வந்த வழியே வெளியேறும்.

உட்பக்கம்தான் எனக்குக் கவலை. இங்கே இருந்த காலத்தில் கைக்குக் கிடைத்த போர் தண்ணீரை எல்லாம் அதில் ஊற்றியிருக்கிறோம். அந்த உப்பு, டியூப்களின் உள்சுவரில் படிந்து படிந்து வழியை அடைத்துவிடும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும், தூர்வாராத வாய்க்காலில் தலைமடை நிரம்பிக் கடைமடை காய்ந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நீ, ரேடியேட்டரும் அப்படித்தான். வண்டியை நன்றாகச் சூடாக்கி, இன்ஜினை நிறுத்தி, ஃபேன் கனெக்டரைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரின் முகப்பில் புறங்கையை மெல்ல நகர்த்திப் பார். எல்லா இடமும் படிப்படியாக ஒரே சீராகச் சூடு குறைந்து வந்தால் நல்லது. நடுவில் ஓரிடம் மட்டும் குளிர்ந்து கிடந்தால் அந்த டியூப்களில் தண்ணீர் போகவில்லை. அமிலம் ஊற்றிச் சுத்தம் செய்து தருகிறேன் என்பவர்களிடம் கொடுக்காதே. பழைய ரேடியேட்டரில் அந்த உப்புதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். புதிதாக மாற்றிவிடு. பணத்தைப் பற்றி நினைக்காதே, அக்கா கணக்கில் போட்டு அனுப்பிவிடுகிறேன். இதற்கும் காதுகுத்தன்று பந்தலில் மாமா பேசியதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. மாமா இப்போது இந்தப் பக்கம் வருவதும் இல்லை.

கீழ் ஹோஸைக் கவனி. பம்ப் தண்ணீரை இழுப்பது அந்த ஹோஸ் வழியாகத்தான். ஐடிலிங்கில் அது நன்றாக இருப்பதுபோலத்தான் தெரியும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தி ரேஸ் செய்தால், உள்ளே ஸ்பிரிங் அரித்துப் போன ஹோஸ் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு தட்டையாகிவிடும், தண்ணீர் நின்றுவிடும். நெடுஞ்சாலையில் மட்டும் சூடாவதற்கு இது ஒரு பொருத்தமான காரணம், பலரும் பார்க்கத் தவறுவது. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அங்கே ஈரமோ காய்ந்த பச்சைக் கறையோ தெரிந்தால் சீல் போய்விட்டது. பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கலாம், அதற்கு மேல் தொய்ந்தால் பெல்ட் வழுக்கும்.

இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மறிக்கும் தெர்மோஸ்டாட்டைப் பற்றி உன்னிடம் எனக்கு வருத்தம் உண்டு. நம் ஊர்ச் சூட்டுக்கு இது தேவையில்லை என்று யாரோ ஒரு மெக்கானிக் கழற்றிப் போட்டார், நீயும் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் சொல்லிக் கொடுத்ததை நீ ஒருவரிடமும் எடுத்துச் சொல்லவில்லை. அது இல்லாமல் இன்ஜின் உரிய சூட்டுக்கு வருவதற்கே நெடுநேரம் ஆகும்; பெட்ரோல் கூடும், சிலிண்டர் தேயும். ரேடியேட்டர் அடைத்திருந்தால் அது இல்லாவிட்டாலும் வண்டி சூடாகத்தான் செய்யும். புதிதாக ஒன்று வாங்கி, போடுவதற்கு முன் சோதித்துவிடு. நூலில் கட்டி, ஒரு பாத்திரத் தண்ணீரில் அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரையும் வைத்து அடுப்பை மூட்டு. அதன் மேல் 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் மெழுகு உருகி வால்வு முடியளவு இடைவெளி விடத் தொடங்க வேண்டும். 95-ஐ நெருங்கும்போது முழுவதும் திறந்திருக்க வேண்டும். பழைய பாத்திரமாகப் பார்த்து எடு, மருமகள் வைத்திருக்கும் பால் பாத்திரத்தைத் தொடாதே. அம்மாவிடம் நான் வாங்கிய பேச்சு இன்னும் தீரவில்லை. மருமகளைப் பற்றி அம்மா கேட்கச் சொன்னாள். கேட்க வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருக்கிறேன். அவள் போனை எடுக்கும்போது எடுக்கட்டும்.

நீ ஏற்றும் காஸ்டிங் எடையையும் சொல்ல வேண்டும். 796 சிசி இன்ஜின் அது, லாரி அல்ல. பிரேக் ஒட்டிக்கொண்டு ஓடினாலும் இன்ஜின் சூடாகும். இறங்கியதும் நான்கு சக்கரங்களின் நடுவிலும் கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார், ஒன்று மட்டும் அனல் அடித்தால் அதைக் கவனி.

இவை எல்லாம் சரியாக இருந்தும் சூடானால், ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். நான் அஞ்சுவது இதற்குத்தான். ஆறிக் கிடக்கும் வண்டியில் மூடியைத் திறந்து வைத்து, தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, ஸ்டார்ட் செய்து உடனே பார். ஒன்றிரண்டு குமிழி வந்து அடங்கினால் அது உள்ளே இருந்த காற்று. அடங்காமல் தொடர்ந்து வந்தால், சிலிண்டரிலிருந்து புகை தண்ணீருக்குள் வருகிறது. மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், சூடு ஏறுவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலும் அதே பொருள்தான். ஆயில் ஸ்டிக்கில் பால் நிறம் தெரிந்தாலோ, சைலன்சரில் வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காமல் இனிப்பு வாசத்தோடு வந்தாலோ, அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதே. அலுமினிய ஹெட் அது, ஒரு முறை அதிகமாகச் சூடானாலே வளைந்துவிடும். ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடிவிட விடாதே. உன் பட்டறையிலேயே மட்டம் பார்க்கும் ஸ்ட்ரெயிட் எட்ஜும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் இருக்கின்றன, 0.05 மில்லிமீட்டர் தாள் எங்காவது உள்ளே நுழைந்தால் மட்டம் பிடிக்க வேண்டும். அதை உன்னை விடச் சுத்தமாகச் செய்பவன் கோவையில் இருப்பான் என்று நான் நம்பவில்லை. இங்கே என்னிடம் படித்த பழைய பையன்கள் வந்தால் உன் லேத்தைப் பற்றித்தான் பேசுகிறேன், அம்மா சிரிக்கிறாள்.

வழியில் சூடானால் பதறாமல் ஓரம் கட்டு. முள் சிவப்பிலிருந்து திடீரென்று கீழே இறங்கினால் நிம்மதி அடையாதே. சென்சாரைச் சுற்றித் தண்ணீரே இல்லாமல் போயிருந்தாலும் முள் இறங்கிவிடும். இன்ஜினை நிறுத்தி அரை மணி நேரமாவது ஆறவிட்டு, பிறகு மூடியைத் துணி போட்டு முதல் படி வரை மட்டும் திருகி, சீறல் அடங்கிய பின் திறந்து, இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று. கொதிக்கும் ஹெட்டில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் அது பிளக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதே.

எல்லா வேலையும் முடிந்ததும் கூலன்ட்டையும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதி கலந்து ஊற்று. சிறுவாணித் தண்ணீர் எவ்வளவு நல்லது என்றாலும் குடிப்பதற்கு வைத்துக்கொள். இன்ஜின் சீட்டுக்கு அடியிலும் ரேடியேட்டர் முன்னாலும் இருக்கும் வண்டியில் நடுக்குழாய்களில் காற்று தங்கும், ஆகவே மூடியைத் திறந்தபடியே ஓடவிட்டு, ஹோஸ்களைக் கையால் பிசைந்து, குமிழி நிற்கும் வரை நிரப்பு. மீந்த கூலன்ட் கேனைச் சின்னவன் கைக்கு எட்டாத இடத்தில் வை. அது இனிக்கும், கொடிய விஷம். வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களில் செம்மொழி விரைவு ரயில் இருக்கிறது, இரவு கோவையில் ஏறினால் காலையில் மன்னார்குடி. இதை ஒரு தகவலுக்காக எழுதினேன்.

இங்கே சம்பா அறுவடை முடிந்து உளுந்து பூத்திருக்கிறது. மற்றதை அக்கா சொல்லியிருப்பாள்.

ஒன்று மட்டும் தவறாமல் செய். ரிசர்வ் டேங்கில் ஃபுல், லோ என்று இரண்டு கோடுகள் உண்டு. தினமும் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் தண்ணீர் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்து எனக்குச் சொல், நான் இங்கே குறித்து வைக்கிறேன். நீ சீக்கிரம் கிளம்பிவிடும் நாளில் மருமகள் பார்த்து அம்மாவிடம் சொன்னாலும் போதும். வெளியே ஒழுக்கு இல்லாமல் அளவு மட்டும் குறைந்துகொண்டே போனால் தண்ணீர் இன்ஜினுக்குள் போகிறது, உடனே ஹெட்டைப் பார்க்க வேண்டும். பத்து நாள் குறையாமல் நின்றால், பாரம் இல்லாமல் திருச்சி வரை ஒருமுறை ஓட்டிப் பார். திருச்சி வரை வந்துவிட்டால் அதற்கு மேல் தஞ்சாவூர், நீடாமங்கலம் எல்லாம் சமதரைதான், வண்டிக்கு ஒரு சிரமமும் இருக்காது.

அன்புடன்,
அப்பா