கடல்மீன் தொட்டி: எதை எதோடு சேர்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உப்புநீர்த் தொட்டி பெரிதாக இருந்தால் எந்த மீனையும் எந்த மீனோடும் விடலாம் என்று சொல்லி விற்பது வருந்தத்தக்கது. துடுப்புகளை விசிறிபோல் விரித்து அசையாமல் மிதக்கும் சிங்கமீன் சாதுவாகத் தெரிந்தாலும், தன் வாய்க்குள் அடங்கும் கோமாளி மீனை இரவோடு இரவாக விழுங்கிவிடும். ஆயிரம் லிட்டர் தண்ணீரும் அதைத் தடுக்காது. உணவிலும் இதே அலட்சியம்தான். பாறைப் பாசியை நாள் முழுதும் கொறித்துத் திரியும் மஞ்சள் டாங் மீனுக்கு இறால் துண்டுகளை மட்டுமே போடாமல், உலர்ந்த கடற்பாசித் தாளைக் கண்ணாடியில் கிளிப்பால் பொருத்தி வைத்தால், தானே வந்து பிய்த்துத் தின்னும். இடுக்குகளில் ஊரும் மிகச்சிறிய ஓட்டுடலிகளையே (இறால் இனத்தைச் சேர்ந்த பொடி உயிர்கள்) தேடும் மாண்டரின் மீனை, அவை பெருகியிராத புதுத் தொட்டிக்கு விற்கவே கூடாது. ஒவ்வொரு மீனின் உணவையும், உடன் வைக்கக் கூடாத இனங்களையும் தமிழில் எழுதி ஒட்டுமாறு மீன்வளத் துறை கடைகளுக்கு உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை